குழந்தையைப் பார்த்துக்கொள்ள திடீரென்று ஆள் இல்லாமல் போனால் ஆபீஸில் லீவு கேட்பது எப்படி?

குரோம்பேட்டை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு யுகேஜி படிக்கும் மகள், இரண்டு வயது மகன். நான் கிண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன், மொத்தம் 80 பேர் வேலை செய்யும் இடம். கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. அவருடைய பெற்றோர் ஊரில், என் அம்மாவுக்கு முழங்கால் வலி, இரண்டு குழந்தைகளையும் தூக்கிச் சமாளிக்க முடியாது.

மகனை எங்கள் தெருவிலேயே ஓர் அம்மா தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார், மகளையும் மதியம் ஸ்கூல் வேனிலிருந்து இறக்கி அவர்தான் சாப்பாடு கொடுப்பார். போன வாரம் விழுப்புரத்தில் அவருடைய அம்மா கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. விடியற்காலையில் போன் செய்து, "கிளம்பிட்டேன் பாப்பா, எப்போ வருவேன்னு தெரியலை" என்றார். பாவம், அவரை என்ன சொல்ல முடியும்? அன்றைக்கு ஆபீஸுக்குச் சொல்லிவிட்டு லீவு எடுத்தேன். அடுத்த இரண்டு நாள் என் அம்மாவை வரவழைத்து ஓட்டினோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, செங்கல்பட்டு கலெக்டர் காலையில் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தார், மறுபடியும் லீவு. என் ஆபீஸ் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது, அங்கே அன்று பள்ளிக்கூடங்கள்கூட நடந்தன. "மழையா? இங்கே வெயில் அடிக்கிறதே" என்று மேனேஜர் கேட்டார். அவர் கேட்டதில் பொய் இல்லை, ஆனால் என் மகளின் பள்ளி பூட்டிக் கிடந்ததும் பொய் இல்லையே.

இப்போது அவர் சொல்வது இதுதான்: சிஎல் (கேஷுவல் லீவு) என்றால் இரண்டு நாளைக்கு முன்பே அப்ளை செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லாஸ் ஆஃப் பே, அதாவது அன்றைய சம்பளம் கிடையாது, அதோடு அப்ரைசலிலும் குறித்துக்கொள்வாராம். எனக்கு இந்த வருட சிஎல் இன்னும் மீதம் இருக்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர், "எதற்கு உண்மையைச் சொல்கிறாய், குழந்தைக்குக் காய்ச்சல் என்றோ உனக்கு வயிற்றுப்போக்கு என்றோ சொல்லிவிடு, யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை, பிள்ளைக்கு நோய் என்று வாயால் சொல்வதற்கே பயமாகவும் இருக்கிறது.

இதற்குச் சட்டத்தில் ஏதாவது இடம் உண்டா? நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஹெச்ஆர் தோழி:

வணக்கம் சகோதரி. நான் சென்னையில் நடுத்தர அளவுக் கம்பெனிகளில் ஹெச்ஆர் வேலை பார்த்து வருகிறேன், இந்தக் கேள்வி ஒவ்வொரு அக்டோபரிலும் என் மேஜைக்கு வந்துவிடும், மழை தொடங்கினால் இதுவும் தொடங்கும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல சேதி இல்லாத பகுதி. "குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, அதனால் இன்று வர முடியாது" என்பதற்கென்றே தனியாக ஒரு லீவு தனியார் கம்பெனி ஊழியருக்கு நம் சட்டத்தில் கிடையாது. மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்று 2017-இல் ஏற்றினார்கள், அது பிரசவத்துக்கு. பிள்ளை பிறந்து இரண்டு வருடம் கழித்து ஆயா வராத காலைக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் உங்களுக்கு இருப்பதே போதும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 என்று ஒன்று இருக்கிறது, பெயரில் கடை என்று இருந்தாலும் உங்களுடையது போன்ற ஆபீஸ்களும் அதற்குள் வரும். அதன் 25-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு வருடம் வேலை செய்து முடித்தவருக்கு அடுத்த வருடத்தில் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. அது தவிர, உடம்பு சரியில்லை என்றால் வருடத்துக்கு 12 நாள் வரை. அதற்கும் மேலே, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக்கூடிய 12 நாள், இதைத்தான் நாம் சிஎல் என்கிறோம். கடைசி இரண்டும் வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே உண்டு. இரண்டு வயதுக் குழந்தையை வீட்டில் தனியாகப் பூட்டிவிட்டு வர முடியாது என்பதைவிட நியாயமான காரணம் எது இருக்க முடியும்? சிஎல் என்பது மேனேஜர் மனசு வைத்துக் கொடுக்கும் சலுகை என்று நம் ஊரில் எல்லோருக்கும் பதிந்துபோய்விட்டது, கேட்கும்போதே குற்றவாளி போலக் குரல் இறங்கிவிடுகிறது. அது அப்படியில்லை, உங்களுக்குச் சேர வேண்டிய நாள் அது.

ஒரு விலக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அக்கவுண்ட்ஸில் எக்சிகியூட்டிவ் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருப்பதால் மட்டும் யாரும் நிர்வாகி ஆகிவிட மாட்டார், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

இரண்டு நாள் முன்னறிவிப்பு பற்றி. கம்பெனி தன் வசதிக்கு நடைமுறை வைத்துக்கொள்ளலாம், கல்யாணத்துக்குப் போகிறவர், வீடு மாற்றுகிறவர் முன்பே சொல்லத்தான் வேண்டும். ஆனால் முன்கூட்டியே தெரியவே முடியாத ஒன்றுக்கு முன்கூட்டியே சொல் என்றால் அந்த லீவையே இல்லை என்று சொன்னதாக ஆகிவிடும். உங்கள் ஆபீஸ் லீவு பாலிசியை எடுத்துப் படியுங்கள், பெரும்பாலானவற்றில் "அவசர நேரங்களில் அன்றைக்கே தெரிவிக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும், மேனேஜர்கள் அந்த வரி வரைக்கும் படிப்பதில்லை. அந்த வரி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி ஹெச்ஆருக்கு எழுதுங்கள்.

காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். நீதிநெறி பேசுவதற்காகச் சொல்லவில்லை. உங்களுக்குக் காய்ச்சல் என்றால் அது மெடிக்கல் லீவில் கழியும், டாக்டர் சீட்டு கேட்கலாம், சீட்டு வாங்க ஒரு பொய், அதற்கு மேல் இன்னொரு பொய் என்று நீளும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னால், நிஜமாகவே குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாளில் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு: பொய்க் காரணம் சொல்லி லீவு எடுத்ததாகப் பிடிபட்டால் அதன்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், உண்மைக் காரணத்தின்மேல் அப்படி எடுப்பது கடினம். எல்லோரும் காய்ச்சல் என்றே சொல்லிக்கொண்டிருப்பதால் மேலே இருப்பவர்களுக்குக் குழந்தை பராமரிப்பு என்று ஒரு பிரச்சனை இருப்பதே கணக்கில் வருவதில்லை, இதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

சரி, எப்படிச் சொல்வது? தெரிந்த உடனே சொல்லுங்கள், ஆபீஸ் தொடங்கி அரை மணி நேரம் கழித்து இல்லை. போனில் பேசிவிட்டு அதையே ஒரு மெயிலாகவும் போட்டுவிடுங்கள், வாட்ஸாப் மட்டும் போதாது. "குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அவசரமாக ஊருக்குப் போய்விட்டார், இன்று வேறு ஏற்பாடு இல்லை, இன்று ஒரு நாள் சிஎல் எடுக்கிறேன், நாளைக்கு என் அம்மா வருகிறார், நாளை வந்துவிடுவேன், ஜிஎஸ்டி ஃபைல் ஷேர்டு டிரைவில் இருக்கிறது, யாருக்காவது சந்தேகம் என்றால் போனில் கேட்கலாம்." இவ்வளவுதான். மன்னிப்பு நாலு தடவை கேட்காதீர்கள். எத்தனை நாள் என்று சொல்லிவிடுவது ரொம்ப முக்கியம், மேனேஜர்களைக் கோபப்படுத்துவது லீவு இல்லை, நாளைக்கு வருவாளா மாட்டாளா என்று தெரியாமல் இருப்பதுதான்.

முழு நாள் தேவைப்படாத நேரங்களில் பெர்மிஷன் கேளுங்கள். காலை இரண்டு மணி நேரம் கிடைத்தாலே அம்மா வந்து சேரும் வரை சமாளித்துவிடலாம்.

சிஎல் மீதம் இருக்கும்போது லாஸ் ஆஃப் பே போட்டிருந்தால் சம்பளச் சீட்டு வந்ததும் எழுத்தில் கேளுங்கள். சண்டை வேண்டாம், "என் கணக்கில் இத்தனை சிஎல் மீதம் இருக்கிறது, இன்ன தேதிக்கு ஏன் சம்பளம் பிடிக்கப்பட்டது" என்று ஒரே கேள்வி. பெரும்பாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாமல் திருத்திவிடுவார்கள்.

இன்னொரு விஷயம், 80 பேர் என்றீர்களே. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது, சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50தான், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். கம்பெனி தானே கட்ட வேண்டும் என்றில்லை, நாலு கம்பெனி சேர்ந்து ஒன்று வைக்கலாம், வெளியே ஒரு தனியார் காப்பகத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். உங்கள் ஆபீஸில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரகடம் ஷிப்ட்:

அக்கா, நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், ஆனால் கேள்வி முழுக்க உங்கள் லீவைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது. நானும் ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஃபாக்டரியில்தான் இருக்கிறேன், உங்கள் கணவர் எந்த மாதிரி இடத்தில் இருப்பார் என்று ஓரளவு தெரியும், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

எங்கள் லைனில் ஒரு ஆள் திடீரென்று வராவிட்டால் அந்த இடத்துக்கு உடனே வேறு ஆள் நிற்க வேண்டும், அதனால் சூப்பர்வைசர் முகம் மாறும். "வீட்டில் பொம்பளைங்க யாரும் இல்லையா" என்று கேட்பார். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் பல அப்பாக்கள் வாயே திறப்பதில்லை, வீட்டில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நான் திறந்து சொல்ல ஆரம்பித்த பிறகு எங்கள் ஷிப்டிலேயே இன்னும் சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். இப்போது எங்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது, மியூச்சுவல் ஷிப்ட் மாற்றிக்கொள்வது. காலை ஷிப்டில் நான் போக முடியவில்லை என்றால் மதிய ஷிப்ட் நண்பர் வருவார், அவருக்கு வேண்டியபோது நான் போவேன். சூப்பர்வைசரிடம் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் பெரும்பாலும் சரி என்பார், அவருக்கு வேண்டியது எண்ணிக்கை. காலையில் நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், மனைவி அரை நாள் வேலை முடித்து மதியம் வந்ததும் நான் கிளம்புகிறேன். யாருக்கும் முழு நாள் போகாது.

ஆனால் ஒன்று, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஃபாக்டரிகளில் சட்டப்படி உறுதியானது 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேரும் லீவு, அதையும் முன்கூட்டி எழுதிக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், சிஎல் எத்தனை என்பது இடத்துக்கு இடம் மாறும். அட்டெண்டன்ஸ் போனஸ் வேறு இருக்கிறது, மாதத்தில் ஒரு நாள் வராவிட்டால் மொத்தமும் போய்விடும் இடங்கள் நிறைய. கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய தொகை. அதனால் யார் லீவு எடுப்பது என்பதை அந்தக் காலை நேர அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். மாதத் தொடக்கத்திலேயே இருவரும் உட்கார்ந்து, இந்த வாரம் எனக்கு எந்த ஷிப்ட், உனக்கு எந்த நாள் ஆடிட், அப்படியானால் யார் நிற்பது என்று பேசி வைத்துவிடுங்கள். மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸில் உள்ளவர் நிற்க முடியாது, அந்த வாரம் அப்பாவின் வாரம்.

தி நகர் கவுண்டர்:

இதையெல்லாம் படிக்கும்போது எங்களுக்கும் இது உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. நான் ஒரு துணிக்கடையில் சேலை கவுண்டரில் நிற்கிறேன். எங்களுக்கு சிஎல் என்ற வார்த்தையே கிடையாது. வந்தால் சம்பளம், வராவிட்டால் இல்லை. மழைக்காலமும் தீபாவளியும் ஒன்றாக வரும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் யாரும் லீவே கேட்கக் கூடாது என்று மேலாளர் வாயால் சொல்லிவிடுவார், அந்த வாரங்களில்தான் பள்ளிக்கூடத்துக்கும் லீவு விடுவார்கள்.

நாங்கள் செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம். எங்கள் குடியிருப்பில் வேலைக்குப் போகும் பெண்கள் சேர்ந்து பேசி வைத்திருக்கிறோம். ஒருத்தி கடைக்குப் போகிறாள், ஒருத்தி வீட்டு வேலைக்கு, ஒருத்தி ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. வாரத்தில் எங்கள் ஓய்வு நாட்கள் ஒரே நாளில் வராது, அதனால் யாருக்கு அன்று ஓய்வோ அவள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும். நைட் டியூட்டி முடித்து வருபவளிடம் விடுவதில்லை, அவள் தூங்க வேண்டும். சாப்பாடு அவரவர் கொடுத்துவிட வேண்டும், காய்ச்சல் உள்ள பிள்ளையை விடக் கூடாது, இரண்டு விதிதான். அங்கன்வாடியில் சின்னவனைச் சேர்த்திருக்கிறோம், முட்டையோடு சாப்பாடு கிடைக்கிறது, டீச்சர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், ஆனால் கடை மூடும் நேரத்துக்கும் அங்கன்வாடி முடியும் நேரத்துக்கும் ரொம்ப தூரம்.

எங்களுக்கு ஓய்வு இல்லாத நாளில் ஆள் இல்லாமல் போனால் அன்றைய கூலி போச்சு. அதற்கும் மேலே "இனி வராதே" என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம். ஹெச்ஆர் மேடம், கடைகள் சட்டம் என்றீர்களே, அது எங்கள் கடைக்கும்தானா?

ஹெச்ஆர் தோழி:

உங்கள் கடைக்குத்தான் முதலில் அக்கா. அந்தச் சட்டமே கடை ஊழியர்களை நினைத்து எழுதியது, ஆபீஸ்கள் அதன் கூடவே வருகின்றன. 25-ஆம் பிரிவில் நான் சொன்ன 12 நாள் சிஎல் உங்களுக்கும் அப்படியே உண்டு. கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் கொண்டுவந்தார்களே, அது இதே சட்டத்தில் சேர்த்த திருத்தம்தான்.

"இனி வராதே" என்பது பற்றி: தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுக்காமலும் அனுப்பக் கூடாது என்று 41-ஆம் பிரிவு சொல்கிறது, அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. அதற்கு நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். சம்பளம் பேங்கில் வருகிறதா? பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா? அந்தச் சீட்டுகள், ஐடி கார்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கவனிக்க வேண்டியவர் தொழிலாளர் உதவி ஆய்வாளர், தொழிலாளர் துறையில். தனியாகப் போய்ப் புகார் கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், தீபாவளி சீசனில் அப்படிச் செய்துவிட்டு நீங்கள் அந்தக் கவுண்டரில் எப்படி நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நாலைந்து பேர் சேர்ந்து போவது, அல்லது கடைப் பணியாளர் சங்கம் மூலமாகப் போவதுதான் நல்லது.

மத்திய அரசு ஊழியர்:

அரசு வேலை என்றால் எல்லாம் சுலபம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு சைல்டு கேர் லீவு இருக்கிறது, முழுப் பணிக்காலத்திலும் 730 நாள், 18 வயதுக்குட்பட்ட முதல் இரண்டு பிள்ளைகளுக்காக. 2008-இல் வந்தது. 2018-இலிருந்து முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம், மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் கொடுக்கிறார்கள். மிக நல்ல விஷயம், பிளஸ் டூ தேர்வுக்கும் பிள்ளையின் ஆபரேஷனுக்கும் எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் ஆயா வராத காலைக்கு அது உதவாது. ஒரு தடவைக்கு ஐந்து நாளாவது எடுக்க வேண்டும், பொதுவாக வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் கூடாது, முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு நாங்களும் உங்களைப் போல சிஎல்தான் போடுகிறோம். ஒருநாள், அரைநாள் என்று உடைத்து எடுக்கக் கொடுத்திருந்தால் எத்தனையோ பேருக்கு உதவும், 730 நாளில் பாதியைக்கூடத் தொடாமல் ஓய்வு பெறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹரோ அக்கா:

தங்கச்சி, நான் லண்டனில் ஹரோ பக்கம் இருக்கிறேன், யாழ்ப்பாணம் சொந்த ஊர். அம்மம்மாவோ மாமியோ பக்கத்தில் இல்லாத ஊர் இது, அதனால் இந்தப் பிரச்சினை இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது. இங்கே என்ன செய்திருக்கிறார்கள் என்று சொல்கிறேன், உங்கள் ஹெச்ஆரோடு கதைக்கும்போது உதவலாம்.

1996-ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டத்தில் 57ஏ என்று ஒரு பிரிவு பிறகு சேர்த்தார்கள். நம்மை நம்பியிருக்கும் ஒருவரைப் பார்க்கும் ஏற்பாடு எதிர்பாராமல் குழம்பினாலோ நின்றாலோ, அதற்கு வேண்டியதைச் செய்ய நியாயமான அளவு நேரம் எடுக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, சில இடங்களில் தாங்களாகத் தருவார்கள். ஆனால் அதை எடுத்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் தரவோ வேலையால் நிறுத்தவோ ஏலாது. நாங்கள் செய்ய வேண்டியது இரண்டு: முடிந்தளவு கெதியாக (சீக்கிரமாக) காரணத்தைச் சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டும். உங்கள் ஹெச்ஆர் தோழி சொன்னதும் அதேதான்.

2008-இல் ஒரு வழக்கு வந்தது, ஒரு வங்கியில் வேலை செய்த தாயின் வழக்கு. பிள்ளையைப் பார்ப்பவர் குறிப்பிட்ட ஒரு நாளில் வர மாட்டார் என்று அவவுக்கு இரண்டு கிழமைக்கு (வாரத்துக்கு) முதலே தெரியும். வேறு ஆள் தேடிக் கிடைக்கவில்லை, லீவு கேட்டும் கொடுக்கவில்லை, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றுவிட்டா, அதற்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். முதலே தெரிந்ததென்றால் எதிர்பாராதது ஆகுமா என்று வங்கி வாதாடியது. தெரியவந்த நேரத்தில் அது எதிர்பாராததுதானே என்று தீர்ப்பாயம் தாயின் பக்கம் சொன்னது. ஆனால் ஒன்று, இது வேறு ஏற்பாடு செய்வதற்கான நேரம், பொதுவாக ஒரு நாள் இரண்டு நாள். கிழமைக்கணக்கில் நாமே வீட்டில் நின்று பார்ப்பதற்கு இல்லை, அதற்கு வேறு லீவு.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு வரி எழுதினால் எவ்வளவு நல்லது. சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பயமில்லாமல் போன் எடுத்துச் சொல்லலாம் என்பதே பெரிய விஷயம்.

போரூர் டீம்மேட்:

நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், கோபப்பட வேண்டாம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் டீமில் யாராவது திடீரென்று வராவிட்டால் அந்த வேலை எனக்குத்தான் வரும், "உனக்கென்ன, வீட்டில் குழந்தையா குட்டியா" என்பார்கள். எனக்கு வீட்டில் டயாலிசிஸுக்குப் போகும் அப்பா இருக்கிறார். வாரத்தில் அந்த நாட்களில் நான் சீக்கிரம் கிளம்ப வேண்டும், அதற்கு நான் லீவு கேட்டால் யாரும் அதை அவசரமாக நினைப்பதில்லை.

குழந்தை உள்ளவர்களுக்கு லீவு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விதி எழுதும்போது வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய எல்லோரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அப்புறம், திடீரென்று வராதவர் அடுத்த நாள் வந்து "என் வேலையை யார் பார்த்தீர்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டால் பாதிக் கசப்பு போய்விடும். எங்கள் டீமில் ஒரு அக்கா அப்படித்தான், மறு வாரமே என்னுடைய மாதக் கடைசி ரிப்போர்ட்டை எடுத்துச் செய்து கொடுத்தார். அவருக்காக நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் கூடுதலாக உட்காருவேன்.

குரோம்பேட்டை அம்மா:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியிருக்கிறீர்கள், எல்லாவற்றையும் ராத்திரி கணவரோடு சேர்ந்து படித்தேன். ஒரகடம் தம்பி எழுதியதை அவரே இரண்டு தடவை படித்தார். அவர் பி ஷிப்டில், அதாவது மதிய ஷிப்டில், இருக்கும் வாரங்களில் காலை அவர் பொறுப்பு, நான் ஒரு மணிக்குள் திரும்புவதற்குப் பெர்மிஷனும் அரை நாளும் சேர்த்துக் கேட்பது என்று பேசியிருக்கிறோம். காலை ஷிப்டான ஏ ஷிப்ட் வாரத்துக்கு இன்னும் வழி தெரியவில்லை.

எங்கள் லீவு பாலிசியை எடுத்துப் பார்த்தேன். ஹெச்ஆர் தோழி சொன்ன வரி இருக்கிறது, "தவிர்க்க முடியாத சூழலில் அன்றே தெரிவித்து, பணிக்குத் திரும்பியதும் விண்ணப்பிக்கலாம்" என்று. அந்தப் பக்கத்தை இணைத்து மேனேஜருக்கும் ஹெச்ஆருக்கும் மெயில் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. காப்பகம் பற்றி அதில் சேர்க்கவில்லை, அதைத் தனியாக, ஆபீஸில் சின்னக் குழந்தை உள்ள மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்பதுதான் சரி என்று பட்டது. போரூர் தம்பி சொன்னது உறைத்தது, அந்த இரண்டு நாளும் என் வவுச்சர்களைப் போட்டது யார் என்று கேட்டு அவருடைய பேங்க் ரீகன்சிலியேஷனை இந்த வாரம் நான் எடுத்துக்கொண்டேன்.

தி நகர் அக்கா, உங்கள் ஏற்பாட்டைப் படித்த பிறகு எங்கள் தெருவிலும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது, மாடி வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறார், அவரிடம் பேசப் போகிறேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆயாம்மா திரும்பி வர ஒரு மாதம்கூட ஆகலாம் என்கிறார். அதுவரை டே கேரில் போடலாம் என்று குரோம்பேட்டை, அஸ்தினாபுரம் பக்கம் விசாரிக்கிறேன். என்னவெல்லாம் கேட்டுக்கொண்டு சேர்க்க வேண்டும்?

ஹெச்ஆர் தோழி:

கலெக்டர் பள்ளிக்கு லீவு விட்டால் அவர்கள் திறப்பார்களா என்பதை முதலில் கேளுங்கள். பலர் பள்ளியோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள், பிறகு நீங்கள் பணம் கட்டியும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். திறந்தாலும் அன்றைக்கு எத்தனை ஆயா வருவார்கள் என்று கேளுங்கள், தெருவில் தண்ணீர் நிற்குமா என்று போய்ப் பாருங்கள்.

அடுத்தது நோய். குட்டிப் பிள்ளைகளுக்கு கை, கால், வாய்க் கொப்புளம் வரும் காலம் இது, ஒரு பிள்ளைக்கு வந்தால் டே கேர் முழுக்கச் சுற்றும், கொப்புளம் காய்கிற வரை ஒரு வாரம் பத்து நாள் உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. அந்த வாரத்துக்கு சிஎல் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். மாதக் கட்டணம் இல்லாமல் நாள் கணக்கில் விட முடியுமா என்றும் கேளுங்கள், சில இடங்களில் முடியும். ஆயாம்மா வந்த பிறகும் அவர் வராத நாளுக்கு அந்த இடம் உங்களுக்கு இருக்கும், அதற்குப் பையன் அங்கே பழகியிருக்க வேண்டும், அழுதுகொண்டே முதல் நாள் விட்டுவிட்டு ஆடிட் மீட்டிங்கில் உங்களால் உட்கார முடியாது. இந்த வாரமே ஒரு சனிக்கிழமை காலையில் கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள், முடிந்தால் அவன் அப்பாவோடு.